லைட் மங்குதுங்க: வாடகை கேம்பர்வேனில் இசைவிழாவுக்குப் போனால் வரும் கோளாறுகளும் அவற்றைத் தீர்க்கும் வழிகளும்

பிரிட்டனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஏதாவது ஒரு வயலில் இசைவிழா நடந்துகொண்டேயிருக்கும். சாமர்செட்டில் பில்டன் கிராமத்துப் பண்ணையில் 1970-இல் தொடங்கிய கிளாஸ்டன்பரி, சஃபோக்கின் ஹென்ஹம் பார்க்கில் லாட்டிடியூட், வேல்ஸ் மலைகளுக்கு நடுவே கிரீன் மேன் என்று பட்டியல் நீளும். கூடாரத்தில் படுத்து எழ முதுகு சம்மதிக்காதவர்கள் கேம்பர்வேனை, அதாவது படுக்கையும் அடுப்பும் பொருத்திய வேனை, வாடகைக்கு எடுப்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

இந்த வேன்கள் ஓடுவதற்காகச் செய்தவை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடும். கேம்ப்சைட்டில் நிறுத்தினால் கம்பத்திலிருந்து மின்சாரம் வரும். விழா வயலில் இரண்டும் கிடையாது. புதன்கிழமை நிறுத்திய வண்டி திங்கள் காலைவரை அசையாது. பெரும்பாலான இடங்களில் மின் இணைப்பு இருக்காது, பல விழாக்களில் ஜெனரேட்டருக்கும் அனுமதி கிடையாது. கீழே உள்ள அறிகுறிகளில் பாதிக்கு மேல் இதனால் வருபவை, வண்டியில் பழுது இருக்காது. அதனால் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதற்கு முன் கன்ட்ரோல் பேனலைப் பாருங்கள். பக்கக் கதவுக்கு மேலேயோ சமையல் மேடைக்குப் பக்கத்திலோ இருக்கும். அதில் 12 வோல்ட் மெயின் சுவிட்ச் போட்டிருக்கிறதா, பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுகிறது என்ற இரண்டையும் பார்த்தபிறகு மற்றதைப் பேசலாம்.

வாசலிலேயே நிறுத்துகிறார்கள்

கிளாஸ்டன்பரி உட்படப் பல விழாக்களில் ஆளுக்கு ஒரு டிக்கெட் தவிர வண்டிக்கும் தனியாக கேம்பர்வேன் டிக்கெட் வேண்டும். அதை முன்கூட்டியே வாங்க வேண்டும், வாசலில் போய்க் கெஞ்சிப் பயனில்லை. போகிற வருடத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: கிளாஸ்டன்பரி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும். 2018-இல் கொடுத்தார்கள், அதற்கடுத்து 2026-இல். வழியில் சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கில் நுழைவதற்கு முன் உயரத் தடுப்பைப் பாருங்கள். பல இடங்களில் 2.1 மீட்டர்தான் இருக்கும், உயரக் கூரை வேன் சுலபமாக இரண்டரை மீட்டரைத் தாண்டும். வண்டியின் உயரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டிவிடுங்கள்.

விளக்கு மங்குகிறது, பம்ப் முனகுகிறது, ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும் கோளாறு இது. முதல் வருடம் எங்களுக்குச் சரியாக ஏழரை மணிக்கு வந்தது. “என்னங்க, லைட் மங்குது” என்றாள் மனைவி. வண்டிக்காரர் பழைய பேட்டரியைத் தலையில் கட்டிவிட்டார் என்று நான் கத்தினேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

கேம்பர்வேனில் இரண்டு பேட்டரி உண்டு. ஒன்று என்ஜினைக் கிளப்ப. மற்றது வீட்டு வேலைக்கு, அதை லெஷர் பேட்டரி என்பார்கள். அது பெரும்பாலும் 100 ஆம்ப்-அவர் அளவில் இருக்கும், அதாவது ஒரு ஆம்ப் வீதம் 100 மணி நேரம் தரும் அளவு. ஈய-அமில வகையாக இருந்தால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்குக் கீழே இறக்கினால் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும். ஆக உங்கள் கையிருப்பு 50. கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஒன்றே ஒரு நாளைக்கு 30, 35 தின்றுவிடும். எல்.இ.டி. விளக்கு, பம்ப், நான்கு போன்கள் எல்லாம் சேர்ந்தால் இன்னும் ஒரு பத்து. ஒரே நாளில் கையிருப்பு காலி. கூரையில் 100 வாட் சோலார் இருந்தால் நல்ல வெயில் நாளில் 30 ஆம்ப்-அவர்போல் திரும்ப வரும். மேகம் மூடினால் அதில் சொற்பம்தான், அங்கே மேகம் மூடாத நாள் எத்தனை!

பேனலில் பாருங்கள். எதுவும் ஓடாதபோது 12.7 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் ஃப்ரிட்ஜை உடனே நிறுத்துங்கள், மற்றவை இன்னும் ஒரு நாள் தாங்கும். லித்தியம் பேட்டரி உள்ள வண்டியில் இந்த எண்கள் பொருந்தாது. அது கடைசிவரை 13 வோல்ட் அருகிலேயே காட்டிவிட்டுத் திடீரென்று விழும். அதில் வோல்ட்டை விட்டுவிட்டு, பேனல் காட்டும் சதவீதத்தை நம்புங்கள்.

என்ஜினை ஓடவிட்டால் ஏறாதா என்று எல்லாரும் கேட்பார்கள். ஏறும், ஆனால் நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் உறுமினாலும் 15, 20 ஆம்ப்-அவர் வந்தால் பெரிது. அதற்குள் பக்கத்து வேன்காரர் தலைவலி மாத்திரை தேடிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்.

நாங்கள் இப்போது செய்வது வேறு. வீட்டு ஃப்ரீசரில் இரண்டு நாள் முன்பே குழம்பு, கூட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கல்லாக உறையவைத்து, வண்டி வந்ததும் ஃப்ரிட்ஜில் அடுக்குகிறோம். வழியெல்லாம் என்ஜின் ஓடும்போது ஃப்ரிட்ஜ் முழு வேகத்தில் ஓடட்டும். வயலில் நிறுத்தியபின் ராத்திரி பத்து மணிக்கு அதை அணைத்து, காலை ஆறு மணிக்குப் போடுகிறோம். உறைந்த பாட்டில்கள் இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும். ஜூன் கடைசியில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே எழுந்துவிடுவதால் சோலாரும் கை கொடுக்கும். தோசை மாவை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அணைந்த ஃப்ரிட்ஜுக்குள் அது பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு காய்கறித் தட்டுக்குள் இறங்கியதைத் துடைத்த கை இது.

12 வோல்ட் சாக்கெட் மட்டும் செத்துவிட்டது

யாரோ ரைஸ் குக்கரைச் செருகியிருக்கிறார்கள். எங்கள் வண்டியில் மச்சான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் சின்ன இன்வெர்ட்டர் ஒன்று வாங்கி வந்து, 500 வாட் குக்கரை அதில் சொருகி, “பாருங்க மாமா, சாதம்” என்றார். சாதம் வரவில்லை, டப் என்று ஃபியூஸ் போனது. 500 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 42 ஆம்ப். அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10-லிருந்து 20 ஆம்ப் வரைதான் தாங்கும். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, போன ஃபியூஸ் இருந்த அதே எண் உள்ளதை மாட்டுங்கள். மாற்று ஃபியூஸ் ஒரு பாக்கெட் இரண்டு மூன்று பவுண்டுக்குள் கிடைக்கும். பெரிய எண் ஃபியூஸ் போட்டால் அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் வயர் உருகும்.

பெரிய இன்வெர்ட்டர் பொருத்திய வேனாக இருந்தாலும் அரை மணி நேரச் சாதத்துக்கு 20 ஆம்ப்-அவருக்கு மேல் போய்விடும், அதாவது மேலே சொன்ன கையிருப்பில் கிட்டத்தட்ட பாதி. மூன்று லிட்டர் பிரஷர் குக்கரை கேஸ் அடுப்பில் வையுங்கள். விசில் சத்தத்துக்கு அக்கம்பக்கத்து வேன்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான் செலவு.

அடுப்பு பற்றுகிறது, கையை எடுத்தால் அணைகிறது

குமிழை அழுத்திப் பற்றவைத்தபின் இன்னும் 10, 15 விநாடி அழுத்தியே வைத்திருங்கள். தீயின் சூட்டை உணரும் ஒரு சின்னக் கம்பி உள்ளே இருக்கிறது. அது சூடேறினால்தான் கேஸ் தொடர்ந்து வரும். பற்றவே இல்லையென்றால் சிலிண்டர் வால்வு திறந்திருக்கிறதா, அப்புறம் சிங்க் அடியிலோ அலமாரிக்குள்ளோ இருக்கும் தனி வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வால்வைப் பற்றி வண்டி கொடுக்கிறவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

மும்முறை ஃப்ரிட்ஜ் இருந்தால், அதாவது 12 வோல்ட், கரண்ட், கேஸ் மூன்றிலும் ஓடக்கூடியதென்றால், வயலில் அதை கேஸில்தான் ஓட்ட வேண்டும். 12 வோல்ட்டில் அது என்ஜின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும்படிதான் அமைத்திருப்பார்கள். அப்படியும் குளிரவில்லை என்றால் வண்டி சாய்ந்து நிற்கிறதா பாருங்கள். இந்த வகை ஃப்ரிட்ஜுக்குள் மோட்டார் கிடையாது, திரவம் தன் எடையால் இறங்கி ஓடித்தான் குளிர்விக்கிறது. தரை சரிவாக இருந்தால் அந்த ஓட்டம் தடைப்படும். சக்கரத்துக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் ராம்ப்பைக் கேட்டு வாங்கி, சமையல் மேடையில் பந்து உருளாத அளவுக்கு வண்டியைச் சமப்படுத்துங்கள். அதன்பிறகும் நன்றாகக் குளிர நாலைந்து மணி நேரம் பிடிக்கும்.

அலாரம் கத்துகிறது

இதில் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், தூங்குகிற குழந்தை உட்பட. வெளியே வந்தபின் யோசிக்கலாம். நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றைச் சத்தம் என்றால் பெரும்பாலும் அலாரத்தின் பேட்டரி தீர்ந்திருக்கும். விடாமல் அடுத்தடுத்துக் கத்தினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உள்ளே பரவியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று அலாரத்தின் மேலேயே அச்சடித்திருக்கும், வண்டியை வாங்கும்போதே படித்துவிடுங்கள். தலைவலி, குமட்டல், காரணமில்லாத தூக்கம் இருந்தால் விழாவின் மருத்துவக் கூடாரத்துக்கு நேரே போங்கள். நினைவு தப்பினால் அவசர உதவி எண் 999.

கேஸ் நாற்றம் வந்தால் சிலிண்டரை மூடுங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். சிலிண்டர் அலமாரியின் அடியில் ஓட்டை விட்டிருப்பது அது வெளியேறத்தான். குளிர் வருகிறது என்று அந்த ஓட்டையைத் துணியால் அடைத்த ஒரு மேதையைப் பார்த்திருக்கிறேன்.

கரி அடுப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து மழைக்காக உள்ளே எடுத்து வைப்பதும், குளிருக்காக கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதும் பிரிட்டனில் உயிர்களை வாங்கியிருக்கின்றன. சாம்பல் பூத்த கரியும் மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டிருக்கும். வேனோடு ஒட்டிப் போட்ட கூடாரத்துக்குள்ளும் கூடாது.

ராத்திரி மூன்று மணிக்கு ஹீட்டர் வரவில்லை

ஜூனில் எதற்கு ஹீட்டர் என்று கேட்பவர் அந்த ஊர் வயலில் படுத்ததில்லை. விடியற்காலை பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். டீசல் ஹீட்டர் பற்றவைக்கும் முதல் சில நிமிடங்களுக்குப் பத்து ஆம்ப் வரை இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தால் வோல்ட் விழுந்து தானே நின்றுவிடும். பேட்டரி நன்றாக இருந்தும் வரவில்லையா? டீசல் முள்ளைப் பாருங்கள். வண்டியின் டேங்கிலிருந்து ஹீட்டர் குடிக்கும் குழாய் அடிவரை போகாது. கால் டேங்குக்குக் கீழே போனால் பல வண்டிகளில் ஹீட்டருக்கு எட்டாது, நீங்கள் வீடு திரும்ப டீசல் மிஞ்சட்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். வயலுக்கு முன் வரும் கடைசி பெட்ரோல் பங்கில் நிரப்பிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு முறை தோற்ற பிறகு சில ஹீட்டர்கள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். மறுபடி மறுபடி சுவிட்சைப் போடாமல் வண்டிக்காரருக்குப் போன் செய்யுங்கள், காலையில்.

குழாயைத் திறந்தால் சத்தம் மட்டும் வருகிறது

தொட்டி காலியாக இருக்கும். நாலு பேர் பல் தேய்த்தால் 30 லிட்டர் எத்தனை நாள்? நிரப்பியும் வரவில்லை என்றால் காற்று அடைத்திருக்கிறது. குழாயைத் திறந்துவைத்து, தொட்டிக்குள் கிடக்கும் சின்ன பம்ப்பை அதன் பைப்போடு இரண்டு குலுக்குக் குலுக்குங்கள், குபுக்கென்று வந்துவிடும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், அல்லது பேனலில் பம்ப் சுவிட்ச். எல்லாக் குழாயும் மூடியிருந்தும் பம்ப் அவ்வப்போது தானாக உறுமினால் எங்கோ கசிகிறது. தூங்கும் முன் பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டு, மெத்தைக்கு அடியில் கையை விட்டு ஈரம் பாருங்கள்.

கழிப்பறைப் பெட்டி வெளியே வர மறுக்கிறது

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு வரும் போன்களில் அதிகம் இதைப் பற்றித்தான். வெளிப்பக்கக் கதவைத் திறந்து இழுக்கிற அந்தப் பெட்டிக்கு மேலே ஒரு தகடு உண்டு. தகடு முழுதாக மூடாமல் பெட்டி வெளியே வராது, வரக் கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். பலத்தைக் காட்டி இழுக்காதீர்கள். உள்ளே போய் கைப்பிடியை ஒரு முறை முழுக்கத் திறந்து முழுக்க மூடிவிட்டு வாருங்கள். தகடு இறுக்கமாக நகர்ந்தால் ரப்பர் உலர்ந்திருக்கிறது, சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்தால் சரியாகும். வாஸ்லின், தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊறிக் கெடும்.

சிவப்பு விளக்கு எரிந்தால் இன்னும் ஓரிரு தடவைதான் இடமிருக்கிறது. காலி செய்ய விழாக்காரர்கள் தனி இடம் வைத்திருப்பார்கள், வரைபடத்தில் பாருங்கள். வேலியோரத்தில் கொட்டினால் கூட இருக்கிறவர்களே பிடித்துக் கொடுப்பார்கள், நியாயம்தான். பெரிய காரியத்துக்கு விழாக் கழிப்பறை, ராத்திரி அவசரத்துக்கு மட்டும் வேன் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். 20 லிட்டர் பெட்டி அப்படித்தான் வாரம் தாங்கும்.

கூரை இறங்க மாட்டேன் என்கிறது

எழும்பும் கூரை உள்ள வேனில் எல்லாக் கதவையும் மூடிவிட்டுக் கூரையை இழுத்தால் உள்ளே காற்று சிக்கி, துணி வெளிப்பக்கம் பிதுங்கும். பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக இழுங்கள். இன்னொருவர் உள்ளிருந்து துணியைச் சுற்றிலும் உள்நோக்கி இழுத்துவிட வேண்டும். பிதுங்கிய துணி விளிம்பில் மாட்டினால் கிழியும், கிழிந்தால் டெபாசிட் போச்சு. ஈரத்தோடு மடக்க வேண்டியிருந்தால் வீடு போன அன்றே திறந்து காயவையுங்கள்.

திங்கள் காலை என்ஜின் சுற்றவில்லை

ஐந்து நாள் முன்சீட் ரேடியோவில் பாட்டுக் கேட்டீர்களா? டேஷ்போர்டில் போன் சார்ஜ் போட்டீர்களா? பல வண்டிகளில் அவை லெஷர் பேட்டரியைத் தொடாமல் என்ஜின் பேட்டரியைத்தான் தின்னும். அதற்கு முன் சுலபமானதைப் பாருங்கள்: கிளட்ச்சை முழுக்க மிதித்தீர்களா, ஆட்டோமேட்டிக்கென்றால் பி-யில் இருக்கிறதா, சாவி திரும்பவே இல்லையென்றால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் அசைத்துக்கொண்டே திருப்பினீர்களா? டக் டக் என்று மட்டும் கேட்டால் பேட்டரிதான். ஜம்ப் லீட் (இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைக்கும் வயர்) வைத்திருக்கும் ஆள் பத்து வேன் தள்ளி நிச்சயம் இருப்பார். சில வண்டிகளில் பேட்டரி முன்சீட்டுக்கு முன்னால் தரைக்கு அடியில் ஒளிந்திருக்கும், லீட் மாட்ட பானெட்டுக்குள் தனி முனை வைத்திருப்பார்கள். கையேட்டைப் பாருங்கள்.

ஆட்ப்ளூ (டீசல் புகையைச் சுத்தப்படுத்தத் தனியாக ஊற்றும் திரவம்) தீர்கிறது என்ற எச்சரிக்கை வந்திருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அது பூஜ்யத்துக்கு வந்தபின் அணைத்த என்ஜினை மறுபடி கிளப்ப முடியாது. தனி மூடி, பெரும்பாலும் நீல நிறம். டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியையே தொடாமல் உதவிக்குக் கூப்பிடுங்கள்.

சக்கரம் சேற்றில் சுழல்கிறது

கிளாஸ்டன்பரியின் 1997, 2005, 2007, 2016 படங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடை என்பது அங்கே ஒரு நம்பிக்கை.

சக்கரம் சுழன்ற அந்த விநாடியில் காலை எடுங்கள். ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்கும், மூன்றரை டன் வரை எடையுள்ள வண்டி வயிற்றை மண்ணில் வைத்துவிட்டால் டிராக்டரைத் தவிர வழி இல்லை. முதலில் வந்த தடத்திலேயே பின்னால் போகப் பாருங்கள், அந்த மண் ஏற்கெனவே அழுந்தியிருக்கும். முன்னே போவதென்றால் இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரை வருடுவதுபோல் அழுத்துங்கள். வண்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டு நகர மறுத்தால் டிராக்‌ஷன் கன்ட்ரோலைத் தற்காலிகமாக அணையுங்கள். இழுக்கிற சக்கரம் எதுவென்று தெரிந்துகொண்டு அதன் முன்னால் தட்டியோ வைக்கோலோ போடுங்கள். பல கேம்பர்வேன்களில் அது முன்சக்கரம். கால்மிதியைப் போட்டால் அது பின்பக்கமாகப் பறக்கும், பின்னால் ஆள் நிற்கக் கூடாது.

டிராக்டர் வந்தால் பம்பரில் கயிறு கட்ட விடாதீர்கள். கருவிப் பையில் ஒரு வளையக் கொக்கி இருக்கும், பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றி அதைத் திருகி மாட்ட வேண்டும். சில வண்டிகளில் அது எதிர்ப்பக்கமாகத் திருகும், வழக்கம்போலத் திருகிவிட்டு மரை கெட்டது என்று நினைக்காதீர்கள். இழுக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். இழுக்கும்போது ஏற்படும் சேதத்தை வாடகைக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது.

இதெல்லாம் புதன்கிழமையே தவிர்க்கக்கூடியது. சரிவின் அடியில் நிறுத்தாதீர்கள், தண்ணீர் அங்கேதான் வரும். வண்டியின் முகம் கீழ்நோக்கியும் வெளியேறும் பாதையைப் பார்த்தும் இருக்கட்டும். திங்கள் காலை எட்டு மணிக்கு எல்லாரும் கிளம்பிச் சேற்றைக் கலக்குவதற்கு முன், ஆறு மணிக்கே போய்விடுங்கள். அல்லது மதியம்வரை தூங்குங்கள்.

டெபாசிட் திரும்ப வரவில்லை

ஒப்பந்தத்தில் விழா என்ற சொல்லைத் தேடுங்கள். பல நிறுவனங்கள் விழாவுக்குக் கொண்டுபோகவே அனுமதிப்பதில்லை, சில கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கும். சொல்லாமல் போனால் காப்பீடு செல்லாமல் போகலாம். நண்பர் ஒருவர் “கடற்கரைக்கு” என்று சொல்லி வண்டி எடுத்துப் போனார். திருப்பிக் கொடுத்த அன்று கண்ணாடியில் கேம்பர்வேன் டிக்கெட் ஒட்டியபடியே இருந்தது.